சீருடை இல்லாத அமைச்சரும் அடங்காத ராணுவமும்

மத்திய அமெரிக்க நாடுகளின் அரசியலை எழுதுவோரிடமும் அதைப் படிப்போரிடமும் ஒரு நம்பிக்கை ஆழமாக ஊறியிருக்கிறது. பாதுகாப்பு அமைச்சராக ஒரு ஜெனரல் இருந்தால் அங்கே ராணுவம் ஆள்கிறது. அதே பதவிக்கு ஒரு வழக்கறிஞரோ கட்சிக்காரரோ வந்துவிட்டால் ராணுவம் மக்களாட்சிக்கு அடங்கிவிட்டது. இதற்குச் சான்றாக ஹோண்டுராஸ் அடிக்கடி காட்டப்படுகிறது. 1999 ஜனவரியில் அந்நாடு தன் அரசியலமைப்பைத் திருத்தி, ‘ஆயுதப் படைகளின் தலைவர்’ என்ற வலிமைமிக்க பதவியை ஒழித்தது. எட்கார்தோ துமாஸ் ரோத்ரிகஸ் என்ற வழக்கறிஞர் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். படைகளின் தன்னாட்சி அன்றோடு முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். இந்த நம்பிக்கை பொய்யானது என்பது மட்டுமல்ல, தீங்கானதும்கூட என்பேன். அமைச்சர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று பார்த்ததோடு திருப்தியடையும் பழக்கத்தை அது வளர்க்கிறது. படைகளுக்குக் கட்டளை எங்கிருந்து போகிறது, தளபதியை யார் நீக்க முடியும், சட்டத்தை மீறிய அதிகாரியை யார் தண்டிப்பது என்ற கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடுகின்றன.

ஹோண்டுராஸில் பாதுகாப்பு அமைச்சர் பதவி நீண்டகாலம் வலுவற்றே இருந்தது. 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதிகாரத்தை அமைச்சரிடம் தராமல் ஆயுதப் படைகளின் தலைவரிடம் ஒப்படைத்தது. அவரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும். ஆனால் பெயர்களை முன்மொழிவது ராணுவத்தின் உயர்மன்றம். ஜனாதிபதியின் கட்டளையை மறுத்துப் பிணக்கை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோகும் உரிமைகூட அந்தத் தலைவருக்கு உண்டு. அமைச்சர் நடுவில் நின்று தாள்களைக் கைமாற்றினார். அந்தத் தலைமைப் பதவியில் இருந்த ஒஸ்வால்தோ லோபெஸ் அரெயானோதான் 1963 அக்டோபர் 3 அன்று, தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கையில், ஜனாதிபதி ரமோன் வியேதா மொராலெஸைக் கவிழ்த்தார். 1982இல் மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி மீண்டும் வந்த பிறகும் இந்த அமைப்பு மாறவில்லை. படைத் தலைவர் குஸ்தாவோ அல்வாரெஸ் மார்த்தினெஸின் காலத்தில் 3-16 என்ற படைப்பிரிவு ஆட்களைக் கடத்தியது, சித்திரவதை செய்தது, கொன்றது. 1984 மார்ச்சில் அவரை வீழ்த்தியவர்கள் அவருடைய சக அதிகாரிகள். பாதுகாப்பு அமைச்சருக்கு அதில் சொல்லத்தக்க பங்கு எதுவும் இல்லை. ஆள் கடத்தல்களுக்கு ஹோண்டுராஸ் அரசே பொறுப்பு என்று 1988இல் தீர்ப்பளித்தது அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம். அந்தத் தீர்ப்பும் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்ததே.

இங்கே ஒரு மறுப்பு எழும்: அந்தக் கொடுமைகள் ஓய்ந்தது உண்மைதானே, அதற்குக் காரணம் 1999 திருத்தம் அல்லவா? காலவரிசை அப்படிச் சொல்லவில்லை. கட்டாய ராணுவச் சேவை ஒழிந்தது 1994-95இல், ஜனாதிபதி கார்லோஸ் ரொபெர்த்தோ ரெய்னாவின் காலத்தில். சித்திரவதைக்குப் பேர்போன புலனாய்வுத் துறை கலைக்கப்பட்டதும், காவல்துறையை ராணுவத்திடமிருந்து பிரிக்கும் வேலை தொடங்கியதும் அவர் காலத்தில்தான். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று போராடியிருந்தன. மனித உரிமை ஆணையர் லியோ வயாதாரெஸ் காணாமல் போனோரின் பட்டியலைத் தொகுத்து அரசின் பெயரிலேயே வெளியிட்டிருந்தார். பனிப்போர் முடிந்து அமெரிக்க ராணுவ உதவியும் சுருங்கியிருந்தது. இவை நடந்தபோதெல்லாம் பாதுகாப்பு அமைச்சர் பதவியில் ராணுவ அதிகாரிகளே இருந்தார்கள். சீருடைக்காரர் அமைச்சராக இருந்தபோதே படையின் கை ஒடுக்கப்பட்டது என்றால், அமைச்சரின் உடைக்கு நாம் தரும் மதிப்பு தவறான இடத்தில் வைத்த மதிப்பு. 1999 திருத்தத்தை வீண் என்று நான் சொல்லவில்லை. தளபதியை நியமிக்கவும் நீக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் தந்தது பெரிய மாற்றம்தான். ஆனால் அதன் வலிமை அந்த நியமன அதிகாரத்தில் இருந்தது. புதிய அமைச்சர் ராணுவத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதில் இருக்கவில்லை.

அந்த அதிகாரமும் எவ்வளவு மெல்லியது என்பதை 2009 ஜூன் காட்டியது. அரசியலமைப்பை மாற்றுவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க ஜனாதிபதி மனுவேல் ஸெலாயா வாக்கெடுப்பு நடத்த முயன்றார். நீதிமன்றங்கள் தடுத்தன, வாக்குப்பெட்டிகளைக் கொண்டுசெல்ல ராணுவம் மறுத்தது. ஜூன் 24 அன்று கூட்டுப்படைத் தளபதி ரோமியோ வாஸ்கெஸ் வெலாஸ்கெஸை ஸெலாயா நீக்கினார். பாதுகாப்பு அமைச்சர் எத்முந்தோ ஒரெயானாவும் பதவி விலகினார். அவர் சட்டம் படித்தவர், ராணுவத்தோடு தொடர்பற்றவர். மறுநாள் உச்ச நீதிமன்றம் தளபதியை மீண்டும் பதவியில் அமர்த்தியது. 28ஆம் தேதி விடியற்காலையில் படைவீரர்கள் ஜனாதிபதியை வீட்டிலிருந்து இழுத்துச் சென்று விமானத்தில் ஏற்றிக் கோஸ்தா ரிகாவில் இறக்கிவிட்டார்கள். அமைச்சர் பதவி சீருடை அணியாதவருக்கு உரியதாகிப் பத்தாண்டு ஆகியிருந்தது. நெருக்கடியின் முதல் நாளிலேயே அது காலியானது. காலியானதால் படையின் நடையில் ஒரு தடங்கலும் ஏற்படவில்லை.

ஸெலாயாவே சட்டத்தை மீறினார், படைகள் நீதிமன்றத்துக்குத்தான் கீழ்ப்படிந்தன என்று வாதிடுவோர் உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. அந்த வாக்கெடுப்பைப் பற்றி நேர்மையான ஐயங்கள் இருந்தன. என்றாலும் நீதிமன்றம் பிறப்பித்தது கைது ஆணை. எந்த ஹோண்டுராஸ் குடிமகனையும் நாடு கடத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 102ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நாடு கடத்தியதில் சட்டம் மீறப்பட்டது என்பதை ராணுவத்தின் சட்ட ஆலோசகரே சில நாட்களில் பேட்டியில் ஒப்புக்கொண்டார். எந்த ஆணையை எவ்வளவு தூரம் நிறைவேற்றுவது என்று படைத் தலைமை தானாக முடிவுசெய்திருக்கிறது. அடங்கிய ராணுவம் அப்படி முடிவுசெய்யாது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தளபதிகள் மீதான வழக்கைக் கைவிட்டது. வாஸ்கெஸ் வெலாஸ்கெஸ் ஓய்வுபெற்று அரசுத் தொலைபேசி நிறுவனமான ஹோன்துதெலின் தலைமைப் பொறுப்புக்குப் போனார். 2009இல் நடந்ததை ஆராய்ந்த உண்மை ஆணையம், அது ஆட்சிக் கவிழ்ப்பே என்று 2011இல் எழுதியது.

அதற்குப் பிந்தைய வரலாறு இன்னும் கவலை தருகிறது. அமைச்சர்கள் எல்லாம் முறைப்படி நியமிக்கப்பட்டார்கள். ராணுவத்தின் வேலைகளோ பெருகிக்கொண்டே போயின. 2013இல் சட்டம் இயற்றி ராணுவக் காவல் படை உருவாக்கப்பட்டது. காவல்துறையை ராணுவத்திடமிருந்து பிரிக்க ரெய்னா காலத்தில் பட்ட பாடு அதோடு பாதி வீணானது. 2019இல் வேளாண் வளர்ச்சித் திட்டம் ஒன்றே படைகளிடம் தரப்பட்டது. 2023 ஜூனில் தாமாராவில் உள்ள பெண்கள் சிறையில் 46 பேர் கொல்லப்பட்ட பிறகு, சிறைகள் ராணுவக் காவல் படையிடம் போயின. அப்போது ஆண்டது கவிழ்ப்புக்கு ஆளானவர்களின் கட்சி. ஜனாதிபதி ஸியோமாரா காஸ்த்ரோ, ஸெலாயாவின் மனைவி. பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ஸெலாயாவின் சகோதரர் மகன் ஹோசே மனுவேல் ஸெலாயா. போதைப்பொருள் கடத்தல்காரர்களை 2013இல் சந்தித்ததை அவருடைய தந்தை ஒப்புக்கொண்டபோது, 2024இல் இருவரும் பதவி விலகினார்கள். அடுத்து வந்த ரிக்ஸி மொன்காதா, ஆளுங்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகவும் களமிறங்கினார். தேர்தல் பொருட்களைக் கொண்டுசேர்ப்பதும் பாதுகாப்பதும் ஹோண்டுராஸில் படைகளின் கடமை. 2025 மார்ச் 9 அன்று கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவில் தெகுசிகல்பாவிலும் சான் பெத்ரோ சூலாவிலும் பல சாவடிகளுக்குப் பெட்டிகள் மணிக்கணக்கில் தாமதமாக வந்தன. தவறு யாருடையது என்று தேர்தல் மன்றமும் ராணுவமும் மோதிக்கொண்டன. அந்தப் படைகளின் அமைச்சரே அன்று வேட்பாளர். சீருடை இல்லாதவர் என்ற தகுதி இந்த முரண்பாட்டிலிருந்து யாரையும் காக்கவில்லை.

அப்படியானால் குவாத்தமாலாவைப் போல அமைச்சர் ஒரு ராணுவ அதிகாரியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. அந்நாட்டின் 1985 அரசியலமைப்பு அதைக் கட்டாயமாக்கியது. உள்நாட்டுப் போரை முடித்த சமாதான ஒப்பந்தங்களைத் தொடர்ந்து முன்மொழியப்பட்ட மாற்றத்தை 1999 வாக்கெடுப்பு தோற்கடித்தது. அது சரிசெய்யப்பட வேண்டிய குறைதான். ஆனால் அதைச் சரிசெய்வதே போதும் என்போர் நிகராகுவாவைப் பார்க்க வேண்டும். 1990இல் ஜனாதிபதி வியோலெத்தா சமோரோ பாதுகாப்புத் துறையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். இதைவிட முழுமையான சிவிலியன் பொறுப்பு இருக்க முடியாது. ஆயினும் படைத் தளபதியாகச் சாண்டினிஸ்டா இயக்கத்தின் உம்பெர்த்தோ ஓர்தேகாவே ஐந்தாண்டு நீடித்தார். 1995இல் அவர் விலகியதற்கு வழி செய்தது, தளபதியின் பதவிக்காலத்தை ஐந்தாண்டாக வரையறுத்த 1994ஆம் ஆண்டு ராணுவச் சட்டம்.

சட்டத்தையும் உடைக்கலாமே என்பது கடைசி மறுப்பு. உடைக்கலாம், நிகராகுவாவிலேயே 2014இல் அந்தக் கால வரம்பைத் தளர்த்தினார்கள், ஹூலியோ சேசர் அவிலேஸின் பதவிக்காலம் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் அதை உடைக்க ராணுவச் சட்டத்தையே நாடறியத் திருத்த வேண்டியிருந்தது. யார் வாக்களித்தார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. ஹோண்டுராஸ் நாடாளுமன்றம் கேட்க வேண்டியவை இந்த வகைக் கேள்விகளே: சிறைகளும் தெருக்காவலும் ராணுவத்திடமிருந்து எந்தத் தேதியில் திரும்பும், தேர்தலில் நிற்பவர் பாதுகாப்பு அமைச்சராக இருக்கத் தடை எப்போது வரும், 2009 ஜூன் 28க்கு எந்த அதிகாரி எந்த நீதிமன்றத்தில் பதில் சொல்வார்.