நீதிமன்ற அவமதிப்பும் கோட் ரிவ்யூவும்

முதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்லை. இன்ஜினியரிங் முடிச்சுட்டு பொட்டி தட்டுற சாதாரண ஜீவன். எங்க பொழைப்பில் ஒரு சின்ன விதி உண்டு. நான் எழுதின கோடை நானே ரிவ்யூ பண்ணி ஓகே சொல்லிக்க முடியாது. டீமிலேயே பெரிய தலையா இருந்தாலும் இன்னொருத்தர் பார்த்தே ஆகணும். ஆள் மேல சந்தேகம்னு இல்லை, தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

போன வாரம் ரூம்மேட்டோட நீதிபதி கர்ணன் விவகாரத்தைப் பத்தி வாக்குவாதம் வந்தப்போ இதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

2017ல் நான் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். கர்ணனை வச்சு எல்லாரும் காமெடி பண்ணினோம், நானும்தான். சென்னை ஐகோர்ட்டில் இருந்து கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டவர். இருபது நீதிபதிகள் ஊழல்வாதிகள்னு பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சுப்ரீம் கோர்ட் தானாக முன்வந்து அவமதிப்பு வழக்கு போட்டது. ஏழு மூத்த நீதிபதிகள் கொண்ட பெஞ்ச். மே 8ஆம் தேதி கர்ணன், அந்த ஏழு பேரோட இன்னொருத்தரையும் சேர்த்து, எட்டு சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளுக்கு அஞ்சு வருஷக் கடுங்காவல்னு ஒரு உத்தரவு போட்டார். மறுநாளே அந்த ஏழு பேர் அவருக்கு ஆறு மாசம் சிறைன்னு தீர்ப்பு சொன்னாங்க. அவர் பேசறதைப் பத்திரிகைகள் வெளியிடக்கூடாதுன்னும் தடை போட்டாங்க.

கர்ணன் செஞ்சது சரின்னு நான் சொல்ல வரலை. அந்த உத்தரவெல்லாம் அபத்தம். ஆனா அன்னிக்குச் சிரிச்சப்போ கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. மே 9ஆம் தேதி வந்தது ஒரு சின்ன உத்தரவு. விரிவான காரணங்கள் பிறகு வரும்னு அதிலேயே சொல்லியிருந்தாங்க. அந்தத் தீர்ப்பு வந்தது ஜூலையில். கோயம்புத்தூரில் அவரைப் பிடிச்சது ஜூன் 20. அதாவது, தான் ஏன் உள்ளே போறோம்னு முழுசா எழுதின பேப்பர் வர்றதுக்கு முன்னாடியே ஆள் உள்ளே!

ரூம்மேட் விடலை. "நோட்டீஸ் கொடுத்தாங்க, வாரண்ட் போட்டாங்க, ஒரே ஒரு தடவை நேரில் வந்துட்டு அப்புறம் வரவே இல்லை. வராதவனுக்கு எப்படிடா விசாரணை நடத்துறது? நீ சொல்ற மாதிரின்னா எவன் வேணா நீதிபதிங்க மேல சேத்தை வாரி அடிச்சுட்டு, நீங்க என்னை விசாரிக்கக்கூடாதுன்னு தப்பிச்சுக்கலாமே"ன்னான்.

நியாயமான கேள்விதான். ரெண்டு நாள் பதில் கிடைக்கலை எனக்கு.

நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971ஐ எடுத்துப் படிச்சுப் பார்த்தேன். (அதிகபட்ச அபராதம் ரெண்டாயிரம் ரூபாய். அந்தக் காலத்தில் பெரிய காசு, இன்னிக்கும் அதேதான்.) 14ஆம் பிரிவில் ஒரு நல்ல விஷயம் இருக்கு. கோர்ட்டுக்குள்ளேயே, நீதிபதி கண் முன்னாடி அவமதிப்பு நடந்தா, வேற நீதிபதி விசாரிக்கணும்னு குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கலாம். 19ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமை தருது. ஐகோர்ட் தண்டிச்சா மேலே போகலாம். சவுக்கு சங்கருக்கு 2022 செப்டம்பரில் மதுரைக் கிளை ஆறு மாசம் கொடுத்தது, நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வச்சது.

சரி, சுப்ரீம் கோர்ட்டே முதல் ஆளா விசாரிச்சுத் தண்டிச்சா? மேல்முறையீடே கிடையாது. மறுசீராய்வு மனு போடலாம். அதுவும் பெரும்பாலும் அதே நீதிபதிகள்கிட்டயே போகும், வாய் திறந்து வாதாடவும் பொதுவா வாய்ப்பில்லை. பிரசாந்த் பூஷண் வழக்கிலும் இதே கதைதான். ரெண்டு ட்வீட், 2020 ஜூலை 22ல் நோட்டீஸ், ஆகஸ்ட் 14ல் குற்றவாளின்னு தீர்ப்பு. தண்டனையை வேற பெஞ்ச் முடிவு பண்ணட்டும்னு கேட்டார், மாட்டோம்னுட்டாங்க. கடைசியில் ஒரு ரூபா அபராதம். எல்லாரும் சிரிச்சோம். கட்டலைன்னா மூணு மாசம் ஜெயில், மூணு வருஷம் சுப்ரீம் கோர்ட்டில் வக்கீல் தொழிலுக்குத் தடைங்கறது அந்தச் சிரிப்பில் அமுங்கிடுச்சு. சுப்ரீம் கோர்ட் விதிக்கிற அவமதிப்புத் தண்டனைக்கு மேல்முறையீடு வேணும்னு அடுத்த மாசமே அவர் மனு போட்டார்.

ரூம்மேட்டுக்கு என் பதில் இதுதான். சேத்தை வாரி அடிச்சவன் தப்பிக்க வேணாம், அதே நீதிபதிகளே முதல்ல விசாரிக்கட்டும். ஆனா மூணு பேர் விசாரிச்சா, சம்பந்தமே இல்லாத வேற அஞ்சு பேர் அதை ஒரு தடவை பார்க்கட்டும். கர்ணனுக்கு எடுத்த எடுப்பிலேயே ஏழு மூத்த நீதிபதிகளை உட்கார வச்சாங்க. பார்க்க கம்பீரமாத்தான் இருந்தது, ஆனா அவங்களுக்கு மேலே பார்க்க யாரும் மிச்சம் இல்லாமப் போயிட்டாங்க.

கைதான மறுநாள் ஜாமீன் கேட்டு விடுமுறைக்கால பெஞ்சுக்குப் போனாங்க. ஏழு பேர் போட்ட உத்தரவு எங்களைக் கட்டுப்படுத்தும், நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அங்கே கைவிரிச்சுட்டாங்க. ஆறு மாசமும் முழுசா கழிச்சுட்டு டிசம்பரில்தான் வெளியே வந்தார்.

ரூம்மேட் இன்னும் ஒத்துக்கலை. "அதுக்கு சட்டத்தைத் திருத்தணும், அதுவும் கர்ணனுக்காகவா?"ன்னான். ஆமாடா, அவருக்காகவும்தான்னேன்.