தேத்தண்ணி ஊத்தட்டுங்களா, டீச்சர்?



கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது. பாடசாலை பொகவந்தலாவைப் பக்கம். கடிதத்தில் மகிழ்ச்சியைவிடக் கலக்கம்தான் கூட. ‘நீங்கள் அங்கே கனகாலமாக இருக்கிறீர்கள். அந்தச் சனங்கள் எப்படி? எங்களோடு சிரித்துக் கதைப்பார்களா? என்ரை பிள்ளை விடிய எழும்பினால் கோப்பி இல்லாமல் கண் திறக்க மாட்டாள். அங்கே முழுக்கத் தேயிலைதானே?’ என்று கேட்டிருக்கிறார்.

சிலர் சிரிக்கலாம். எனக்கு அந்தக் கோப்பிக் கேள்வி பிடித்திருந்தது. ஆகவே இந்த மாதம் அதற்கே பதில்.

நான் டிக்கோயாப் பக்கம் வந்தது 1997இல். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, வன்னியில் மரத்துக்குக் கீழே இருந்து, வவுனியா முகாமையும் பார்த்த பிறகு, ஹற்றனில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை என் கணவருக்குக் கிடைத்தது. எனக்குத் தோட்டத்து முன்பள்ளியில் வேலை. இருக்க இடம் லயத்தில் ஒரு காம்பரா. குளிரும் மழையும் தகரக் கூரையின் சத்தமும் எங்களுக்குப் புதிது. ஷெல் சத்தத்துக்குப் பழகிய காது, மழைச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழும்பும்.

முதல் நாள் விடியற்காலையிலேயே பக்கத்துக் காம்பரா அக்கா வாசலில் வந்து நின்றார். “தேத்தண்ணி ஊத்தட்டுங்களா, டீச்சர்?” பிரட்டுக்குப் போகிற அவசரம் அவருக்கு. ஏன் சிரமப்படுத்துவான் என்று நினைத்து, “ஆறுதலா ஊத்துங்கோ அக்கா” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாரு டீச்சர் தவறிட்டாங்க?” என்று கேட்டார்.

நாங்கள் ‘ஆறுதலாக’ என்றால் மெதுவாக, அவசரமில்லாமல் என்று பொருள். அவர்களுக்கு ஆறுதல் என்றால் சாவு வீட்டில் சொல்வது. விளக்கிச் சொன்னதும் அக்கா சிரித்த சிரிப்பில் கடைசிக் காம்பராவிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அன்று பின்னேரத்துக்குள் தோட்டம் முழுக்கக் கதை. பிறகு பல மாதங்களுக்கு, பிரட்டுக்குப் பிந்தி வருகிறவரைப் பார்த்து, “ஆறுதலா வாங்க, ஆறுதலா வாங்க” என்பார்கள்.

இப்படி இன்னும் இருக்கிறது. நாங்கள் ‘அம்மா பேசினா’ என்றால் அம்மா ஏசினார் என்று பொருள்; அவர்களுக்கு வெறுமனே கதைத்தார். நாங்கள் வாய்க்கு வாய் ‘பெட்டை’ என்போம். அவர்கள் காதில் அது நாய்க்கும் கோழிக்கும் சொல்கிற சொல். ‘நல்ல பெட்டை’ என்று நான் பாராட்டிய பிள்ளையின் தாய் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுக்கவில்லை. கடிதம் எழுதிய தாயே, மகளுக்கு இதை முதலில் சொல்லி அனுப்புங்கள்.

ஒரே மொழி என்பதால் எல்லாம் விளங்கும் என்று நினைக்கிறோம். என் ஒன்றுவிட்ட தங்கை மெல்பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளோடு வேலை செய்கிற அயர்லாந்துப் பெண் ஒருத்திக்கும் இதே முறைப்பாடாம். அயர்லாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஆங்கிலம்தான். ஆனால் அவுஸ்திரேலியர் நெருங்கினவரைக் கண்டால்தான் கேலியும் திட்டுமாகக் கதைப்பார்களாம். அதிகம் மரியாதை காட்டினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். அந்தப் பெண் வந்த புதிதில் ஒரு மாதம் அழுதிருக்கிறாள். அயர்லாந்துக்காரர் எங்களைப் போலத் தேத்தண்ணிச் சனம். மெல்பேர்ணிலோ, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு போய்க் குடியேறிய இத்தாலியர் பரப்பிய கோப்பி. கோப்பிக் கடைக்கு வா என்று கூப்பிட்டால்தான் சிநேகிதம் என்று பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டதாம். தங்கை தொலைபேசியில் இதைச் சொன்னபோது, இது எங்கள் லயத்துக் கதையல்லவா என்று எனக்குப் பட்டது.

மலையகச் சனத்தின் பகிடி அப்படித்தான். பெயர் வைக்காமல் ஒருவரையும் விடமாட்டார்கள். துரைக்கு ஒரு பெயர், கணக்கப்பிள்ளைக்கு ஒன்று, கங்காணிக்கு ஒன்று. இது இன்று நேற்று வந்ததல்ல. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போன எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். துரையையும் கங்காணியையும் கிண்டல் பண்ணுகிற பாட்டுகள் மலையகத்தில் எத்தனையோ. எதிர்த்துக் கதைத்தால் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. பாட்டுக்கு யார் பேரை வெட்டுவது?

எனக்கு வைத்த பெயர் ‘பனங்கொட்டை’. யாழ்ப்பாணத்தாரை எல்லா இடத்திலும் அப்படிச் சொல்வார்கள், உங்களுக்கும் தெரியும். முன்பள்ளிப் பிள்ளைகள் ‘பனங்கொட்டை டீச்சர்’ என்று முகத்துக்கு நேரே கூப்பிட்டார்கள். ஒருமுறை இரவில் சுற்றிவளைப்பு. எங்கள் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறதே, உயிர் கையில் இல்லை. பக்கத்துக் காம்பரா அக்கா எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இவங்க நம்ம பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிற டீச்சர் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் தண்ணீர்ப் பீலியடியில் அவர் எல்லாருக்கும் சொன்னது: “ராத்திரி பனங்கொட்டைய தேடி வந்தாங்க. கெடச்சது பூரா உருளக்கெழங்குதான்.” நானும் சிரித்தேன். இரவு முழுக்க நடுங்கிய உடம்பு அந்தச் சிரிப்போடுதான் அடங்கியது.

சரி, கோப்பிக்கு வருவோம்.

அந்தத் தாய்க்கு ஒரு செய்தி. இந்த மலைகள் முதலில் கோப்பி மலைகள்தான். 1820களில் வெள்ளைக்காரர் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்குத்தான் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை முதலில் கொண்டுவந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். 2023இல், இருநூறு வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தார்கள். இதை வாசிக்கிற மன்னார்ச் சகோதரிகள் சிலர் அந்த ஊர்வலத்தை வீதியில் நின்று பார்த்திருப்பீர்கள்.

கோப்பிக்குப் பழம் பறிக்கிற காலத்தில்தான் ஆள் வேண்டும். பெரும்பாலும் ஆண்கள் வருவார்கள், பறிப்பு முடிய ஊருக்குத் திரும்புவார்கள். 1869இல் கோப்பி இலையில் ஒரு பூஞ்சை நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். தேயிலை வருடம் முழுக்கத் துளிர்க்கும். ஏழெட்டு நாளுக்கொருமுறை அதே செடிக்குத் திரும்ப வந்து கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை தேவைப்பட்டது. குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து லயத்தில் வைத்தது அப்போதுதான். எங்கள் அக்காவின் பூட்டி அப்படி வந்தவர்.

அந்தத் தேயிலையில் நல்லது கொழும்பு ஏலத்துக்குப் போகும். பறித்தவர்கள் குடிப்பது தூள். அதையும் அவர்கள் குடிக்கிற விதம் தனி. விடியச் சாயம் கடுப்பாக ஒரு கோப்பை, ரொட்டியும் சம்பலும். பத்து மணிக்கு மலையிலேயே போத்தலில் கொண்டுபோனது, ஆறியது. சீனியைத் தண்ணியில் கரைக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பார்கள், சீனி மிச்சம். நாங்கள் பொருளாதாரத் தடைக் காலத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தவர்கள் அல்லவா? ஊரிலிருந்து வந்த குட்டானொன்றை அக்காவுக்குக் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு, “பனங்கொட்டைக்குள்ள இவ்வளவு இனிப்பா!” என்றார். 2022இல் பால்மா இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, “இப்பதான் எல்லாரும் லயத்துக்கு வந்திருக்காங்க” என்றதும் அவர்தான்.

கோப்பிச் செடி இன்னும் இருக்கிறது. எங்கள் லயத்துக்குப் பின்னால் மூன்று நிற்கிறது. பழத்தைப் பறித்துக் காயவைத்து, வறுத்து, இடித்து வைப்பார்கள். ஆனால் தினமும் குடிப்பதில்லை. தடிமனுக்கு, இரவு விழிக்க வேண்டிய சாவு வீட்டுக்கு. எங்கள் வீட்டில் அம்மா கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த கோப்பியில்தான் விடியும். அதேபோல நான் காலையில் போட்டால், வாசலால் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், உள்ளே யாருக்கும் என்னவும் ஆகிவிட்டதா என்று.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத ஒன்றையும் எழுத வேண்டும்.

பெயர் வைப்பதில் நாங்களும் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் ‘தோட்டக்காட்டார்’ என்ற எங்கள் சொல்லில் பகிடி இல்லை. வடக்கில் வசதியான வீடுகளில் தேத்தண்ணி ஊற்றியது யார்? எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். பத்து, பன்னிரண்டு வயது மலையகப் பிள்ளை. எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று வைத்த பேணியில், அடுப்படி மூலையில் குந்தியிருந்து குடிக்கும். அந்தப் பிள்ளையின் ஊரில்தான் எனக்கு முதல் கோப்பையை வீடு தேடிக் கொண்டுவந்து தந்தார்கள்.

பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு ஒரு தமக்கை. 1977 கலவரத்தில் லயத்தை எரித்தபோது புருஷனோடு வவுனியாவுக்குப் போனவர். பிறகு முல்லைத்தீவில் டொலர் பண்ணை. 1984இல் அங்கிருந்தும் விரட்டினார்கள். பிறகு கிளிநொச்சியில் காடு வெட்டி ஒரு குடிசை. 2008இல் யாரோ கைவசம் கொண்டுவந்த கடிதம்தான் கடைசி. 2010இல் நாங்கள் இருவரும் வவுனியாவுக்குப் போய் ஒவ்வொரு இடமாக விசாரித்தோம். ஓரிடத்தில் விலாசத்தைப் பார்த்துவிட்டு, “மலையகமா? உங்களுக்கு வன்னியில் ஏது ஆட்கள்?” என்று கேட்டார்கள். பெயரைப் பதியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்: “காணாமப் போறதுக்கும் ஊரு சரியா இருக்கணும் போல, டீச்சர்.” சொல்லிவிட்டு அவர் வழக்கம்போலச் சிரித்தார். அந்த ஒருமுறை என்னால் கூடச் சிரிக்க முடியவில்லை.

கிளிநொச்சித் தாயே, உங்கள் அயலிலும் அப்படி வந்த குடும்பங்கள் இருக்கும். எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த வருடம் வந்தார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அக்கா இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மகளுக்குக் கோப்பித்தூள் கொடுத்துவிடுங்கள், ஆனால் இங்கே காலையில் யார் வீட்டுக் கதவும் அதற்கு முன் தட்டப்படும். தருகிற தேத்தண்ணியை வாசலில் நின்று குடிக்காமல் உள்ளே போய் இருந்து குடிக்கட்டும். கம்பளிச் சட்டை இரண்டு, பனங்கட்டிக் குட்டான் இரண்டு, அட்டைக்குப் பூச உப்பும் சவர்க்காரமும். காலில் அட்டை ஏறினால் கத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். கத்தினால் அன்றைக்கே பெயர் வைத்துவிடுவார்கள்.