பிள்ளைச் செல்வம் பணக்காரருக்கு மட்டுமா?

எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்கள் பிள்ளை பெறலாமா? அவர்களுக்குக் கருத்தரிப்புச் சிகிச்சை அளிப்பது அறமாகுமா? கேட்கிறார்கள் சிலர். கேட்கட்டும், பிறக்கப்போகும் குழந்தைக்காக யாராவது பேசத்தான் வேண்டும். ஆனால் பதிலை அச்சத்திடம் கேட்பதா, அறிவிடம் கேட்பதா? இதுவே நமது கேள்வி.

அச்சம் என்ன செய்தது? 1998-இல் நமது சுப்ரீம் கோர்ட்டு, இந்நோய் உள்ளவர்களின் மண உரிமை நிறுத்தி வைக்கப்பட்ட உரிமை என்றது. அதே 1998-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, பிள்ளை பெறுவது மனித வாழ்வின் முக்கிய காரியங்களில் ஒன்று, கிருமி அதற்குத் தடையாக நிற்பதால் நோயாளிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்றது. ஆண்டு ஒன்று, பார்வை இரண்டு! 2002-இல் நமது கோர்ட்டே, மண உரிமை பற்றிய அந்தக் கருத்துக்கள் அவ்வழக்குக்குத் தேவையற்றவை என்று கூறிவிட்டது.

அறிவு என்ன சொல்கிறது? மருந்து இல்லையேல், கிருமியுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை நோய் தொற்றும். முறையாக மருந்து உட்கொண்டால் 5-க்கும் கீழே குறைக்கலாம். கணவனுக்குக் கிருமி இருந்தால் விந்தைக் கழுவிப் பிரித்து மனைவிக்குச் செலுத்தும் முறையை இத்தாலியின் மிலான் நகர டாக்டர்கள் 1992-லேயே உலகுக்கு அறிவித்தார்கள். மருந்தினால் இரத்தத்தில் கிருமி தென்படாத நிலையை அடைந்தவரிடமிருந்து உடலுறவால் துணைக்குத் தொற்றுவதில்லை என்பதை 2016, 2019 ஆண்டுகளின் ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின. ஆகவே பலருக்கு இன்று மாத்திரையும் டாக்டர் யோசனையுமே போதும். கருக்குழாய் அடைப்பு போன்ற வேறு குறை உள்ளவர்களுக்கே சிகிச்சைக் கூடம் தேவைப்படுகிறது.

"பெற்றவர் செத்துவிட்டால்?" என்கிறார்கள். ஒழுங்காக மருந்து உட்கொள்பவர் ஏறக்குறைய மற்றவரைப் போலவே வாழ்கிறார். சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளியிடம், பிள்ளை பெறாதே என்று எவர் சொன்னார்? இருதய நோயுள்ள சீமானை எந்தச் சிகிச்சைக் கூடம் இதே காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியது?

உரிமை பேசும் நாம் கடமையையும் பேசுவோம். நோயை மனைவியிடம் மறைத்துப் பிள்ளை பெறுவது அறமன்று. மருந்தை இடையில் விடுவதும் அறமன்று. இருவரும் அறிந்து, இருவரும் இசைந்து எடுக்கும் முடிவே முடிவு.

2004 ஏப்ரல் முதல் சர்க்கார் இந்நோய்க்கு இலவச மருந்து தருகிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அமுலில் உள்ள 2017-ஆம் ஆண்டுச் சட்டம், கிருமியைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடுக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் தனியாருக்கும் அது பொருந்தும். ஆனால் கருத்தரிப்புச் சிகிச்சை பெரும்பாலும் தனியார் கையில். செலவோ இலட்சக் கணக்கில். சட்டம் திறந்த கதவைப் பணம் சாத்துகிறது! சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இச்சிகிச்சை பரவலாகக் கிடைக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை.

தோழர்களே! உங்கள் ஆலையில், உங்கள் பேட்டையில் இப்படியொரு தம்பதி இருக்கக்கூடும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்காதீர்கள். சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள், துணைக்கு நில்லுங்கள்.