சனி, ஞாயிறு நியாயஸ்தலம்

நெதர்லாந்து தேசத்தில் அல்மெரே என்னும் ஊரில், 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஒரு வீட்டுக்குள் சில மனிதர்களைக் குடியேற்றி, அவர்கள் உண்பதையும் உறங்குவதையும் சச்சரவிடுவதையும் சமாதானம் அடைவதையும் இரவு பகலாகக் காமிராக்களால் பிடித்து ஊராருக்குக் காட்டும் போட்டி ஒன்றை ஜான் டி மோல் என்ற தயாரிப்பாளர் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட ‘பிக் பிரதர்’ என்ற பெயர், ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட நாவலில் பிரஜைகளை ஓயாமல் கண்காணிக்கும் சர்வாதிகாரியின் பெயர். அந்தப் போட்டி 2006-இல் ‘பிக் பாஸ்’ என்று பெயர் மாறி இந்திக்கு வந்தது. 2013-இல் கன்னடத்துக்கு வந்தது. 2017 ஜூன் 25-ஆம் தேதி, கமல்ஹாசன் முன்னின்று நடத்த, விஜய் தொலைக்காட்சியின் வழியே தமிழுக்கு வந்தது. பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கத்தில் வீடு கட்டப்பட்டது. நூறு நாள் என்று கணக்கு. வென்றவருக்கு ஐம்பது லட்சம் ரூபாய் பரிசு.

இது கலாசாரத்துக்குக் கேடு என்று அப்போதே புகார் எழுந்தது. அந்த விவாதத்தில் எனக்கு அதிகச் சிரத்தை இல்லை. ஆடவரும் பெண்டிரும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள் என்பதைவிட, தமிழுக்கு வந்த இந்தப் போட்டி எதை முக்கியமாக்கிக்கொண்டது என்பதே நான் ஊன்றிக் கவனித்த விஷயம். ஆதி நிகழ்ச்சியில் பார்ப்பதுதான் பிரதானம். நடத்துபவர் வெளியேறுகிறவரை வரவேற்றுப் பேட்டி காண்பதோடு சரி. வாரக் கடைசியில் ஒரு நட்சத்திர நடிகர் வந்து உள்ளிருப்பவர்களை விசாரிக்கும் வழக்கம் இந்தியில் வேரூன்றியது. தமிழில் அந்த விசாரணையே நிகழ்ச்சியின் உயிர்நிலையாகிவிட்டது. ஐந்து நாள் நடந்ததெல்லாம் சனியும் ஞாயிறும் கூடும் நியாயஸ்தலத்துக்காகத்தான் நடந்ததோ என்று எண்ணும்படி, யார் பொய் சொன்னார், யார் புறம் பேசினார், யார் யாரை அழவைத்தார் என்ற கேள்விகளுக்குத் தீர்ப்புக் கேட்டு ஜனங்கள் காத்திருந்தார்கள்.

அந்த ஸ்தானத்துக்குக் கமல்ஹாசன் கொண்டுவந்த விசேஷமான கருவி ‘குறும்படம்’. வாய்வார்த்தைக்கு வாய்வார்த்தை என்று வழக்கு இழுபடும்போது, காமிரா பதிவுசெய்ததையே எல்லோர் முன்னிலையிலும் ஓடவிட்டுப் பிரத்தியட்சப் பிரமாணத்தால் முடிவு கட்டுவது. முதல் ஆண்டிலேயே போட்டியாளர் ஓவியாவைப் பற்றிச் சக போட்டியாளரான ஒரு பெண் சொன்னது உண்மையன்று என்று இவ்வாறு நிரூபணமாயிற்று. அந்தப் பெண்ணின் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஊர் அதைப் போதுமான அளவு சொல்லித் தீர்த்துவிட்டது. அவ்வாண்டு ஜனவரியில் மெரினாக் கடற்கரையில் ஜல்லிக்கட்டுக்காக அவர் எழுப்பிய குரலைக் கேட்டுப் பூரித்த அதே ஜனங்கள், ஏழு மாதம் கழியுமுன் அவர் முகத்தைக் கண்டாலே ஏசினார்கள். பொய் சொன்னது குற்றம்தான். ஆனால் அந்தக் குற்றத்துக்கு அந்தத் தண்டனையா என்று கேட்கும் நீதிபதி பார்வையாளர் கூட்டத்தில் இருக்கவில்லை.

எங்கள் ஆரணியில் ஒரு பட்டுச்சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்து முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோனால், அவர் அதை முந்தியிலிருந்து மறுகோடி வரை விரிக்கச் சொல்வார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உடலையும் கரையையும் சரிகையையும் தடவிப் பார்ப்பார். குற்றம் கண்ட இடத்தில் விரலை வைத்துக் காரணம் கேட்பார். நெய்தவர் பக்கத்திலேயே நின்று, அன்று பாவில் இழை அறுந்தது என்றோ, மழை ஈரத்தில் பாவு இளகிப்போயிற்று என்றோ பதில் சொல்வார். பதிலை ஒப்புக்கொள்கிற முதலாளியும் உண்டு; கூலியில் பிடித்தம் செய்கிறவரும் உண்டு. எப்படியானாலும் முழுச் சேலையும் விரிந்து கிடக்கும், நெய்தவரும் நிற்பார். தொலைக்காட்சியில் நமக்கு விரித்துக் காட்டப்படுவது ஒரு சாண்தான். இருபத்துநான்கு மணி நேரத்தைப் பல காமிராக்கள் பிடிக்க, அதில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தை யாரோ தேர்ந்து வெட்டி ஒட்டித் தருகிறார்கள். அதற்குள்ளிருந்து இன்னும் சில நிமிஷங்களை வெட்டியதுதான் குறும்படம்.

முதல் ஆண்டு ஆரவும் மறு ஆண்டு ரித்விகாவும் வென்றார்கள். 2019-இல் மலேசியாவின் முகேன் வென்றபோது, இலங்கையிலிருந்து வந்த லாஸ்லியாவும் தர்ஷனும் அதே வீட்டில் இருந்தார்கள். வெவ்வேறு நாட்டுத் தமிழர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசியதையும், அவர்களுடைய பேச்சின் இனிமையை எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள் சொல்லிப் பார்த்ததையும் இந்நிகழ்ச்சி செய்த மெய்யான நன்மையாகவே நான் கருதுகிறேன்.

பிறகு 2022-இல் நிலைமை மாறியது. இணையத்தில் அந்த வீட்டை நாள் முழுவதும் நேரலையாகப் பார்க்கலாம் என்று வசதி வந்ததும், வெட்டுகிறவர் கையில் மாத்திரம் இருந்த கத்தரிக்கோல் ஊரார் கைக்கும் வந்தது. தொலைக்காட்சி விட்டுவிட்ட காட்சிகளைப் பொறுக்கி, தத்தம் அபிமானப் போட்டியாளருக்குச் சாதகமாக ஒவ்வொருவரும் ஒரு குறும்படம் செய்து கைப்பேசியில் அனுப்பலானார்கள். முழுமை கிடைத்தால் நிதானம் பிறக்கும் என்று நான் எதிர்பார்த்தேன்; வழக்குகள்தான் பெருகின. 2023 நவம்பரில் பிரதீப் ஆண்டனி மீது சக போட்டியாளர்கள் சிவப்பு அட்டை உயர்த்த, கமல்ஹாசன் அவரை வெளியேற்றினார். பெண்களின் பாதுகாப்பு என்பது அவர்கள் சொன்ன காரணம். குற்றம் சாட்டப்பட்டவர் தம் பக்கத்தைச் சொல்லப் போதிய இடம் கிடைத்ததா என்று ஜனங்கள் கேட்ட கேள்வி பல வாரங்கள் ஓயவில்லை. பெண்கள் அச்சம் தெரிவித்தால் அதைக் கேட்டே ஆக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எதிரியின் விளக்கத்தையும் பொறுமையாகக் கேட்டபின் சொல்லப்படும் தீர்ப்புக்குத்தான், அந்தப் பெண்களையே காப்பாற்றும் வலிமை உண்டு. அப்படிக் கேட்காததால், அவர்களும் அல்லவா மாதக்கணக்கில் வசைக்கு ஆளானார்கள்!

2024-இல் கமல்ஹாசன் சினிமா வேலைகளைக் காரணம் காட்டி விலக, எட்டாம் பருவத்துக்கு விஜய் சேதுபதி வந்தார். ஆளும் புதுசு, ஆட்டமும் புதுசு என்று விளம்பரம் செய்தார்கள். இவர் நம் தெருக்காரரைப்போல் பேசுகிறார். சுற்றி வளைத்துச் சொன்னால் இடைமறித்து, விஷயத்துக்கு வரச் சொல்கிறார். திங்கட்கிழமை காலையில் எங்கள் பக்கத்து வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, “ஏங்க்கா, அவனை முழுசாப் பேசவே விடலையே?” என்று ஆதங்கப்பட, தறியிலிருந்த மூத்தவள், “அவன் முழுசாப் பேசினா விடிஞ்சிடும்டீ” என்றாள். இளையவளின் கட்சியில் நான் சேர்ந்துகொள்கிறேன். நிகழ்ச்சி நடத்துவோருக்கு என் விண்ணப்பமும் அதுதான்: ஒருவரைக் குற்றவாளி என்று காட்ட ஒரு துண்டுப் படம் ஓட்டுவீர்களேயானால், அதற்கு முன் பத்து நிமிஷமும் பின் பத்து நிமிஷமும் வெட்டாமல் சேர்த்தே ஓட்டுங்கள், விளம்பரத்தை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.