திருகைத் திறக்கத்தான் வேண்டுமா?

மகிழுந்தின் பிரேக் பேட்டுகளை வீட்டிலேயே மாற்றுவதில் தவறில்லை. ஆனால், மாற்றிய கையோடு பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றவும் சிலர் முனைகின்றனர். இது பெரும்பாலும் வேண்டாத வேலை என்பது என் கருத்து. குழாயைத் திறக்காதவரை காற்று எப்படி உள்ளே புகும்? வண்டியை நகர்த்தும் முன் மிதியைப் பலமுறை அழுத்தினால், பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் முன்வந்து புதிய பேட்டைத் தொடும், மிதியும் இறுகிவிடும்.

அப்படியும் மிதி பஞ்சுபோல் அமுங்கினால், குழாயில் காற்று இருக்கலாம். பிரேக் எண்ணெயைப் போலன்றி, காற்று அழுத்தினால் சுருங்கிவிடும். அதை வெளியேற்ற, ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் சக்கரத்தருகே உள்ள திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுமுன் மிதியை விட்டுவிட்டால், காற்று மீண்டும் உள்ளே போய்விடும். பழகாத கைகள் இதைச் செய்துவிட்டு, கெந்திங் மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்குவதை என்னால் ஏற்க முடியாது. மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைக்கும் கூலி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.