குடியுரிமை என்ன பால்கோவாவா?



ஸ்ரீவில்லிபுத்தூரில் காசு கொடுத்தால் பால்கோவாவைக் கிலோ கணக்கில் வாங்கலாம். ஒரு நாட்டின் குடியுரிமையை அப்படி வாங்க முடியுமா? முடியும்! கரீபியன் கடலில் உள்ள செயின்ட் கிட்ஸ் தீவு 1984-லேயே இந்த வியாபாரத்தைத் தொடங்கிவிட்டது. வங்கி மோசடியில் குற்றம் சாட்டப்பட்ட மெகுல் சோக்சி 2017-ல் ஆன்டிகுவா தீவின் குடிமகன் ஆனதும் இப்படித்தான்.

"அது வெளிநாட்டுக் கதைப்பா, நமக்கென்ன?" என்பீர்கள். நம் நாடு குடியுரிமையை விற்கவில்லை, உண்மைதான். ஆனால் 2016-ல் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 18 மாதத்தில் 10 கோடி ரூபாய், அல்லது 36 மாதத்தில் 25 கோடி முதலீடு செய்து, 20 பேருக்காவது வேலை தரும் வெளிநாட்டுக்காரர் இங்கே 10 வருடம் தங்கலாம், வீடும் வாங்கலாம்.

தொழிற்சாலை வந்தால் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரனுக்குத்தானே வேலை? வரட்டும். என் வருத்தம் வேறு.

நம் விருதுநகர் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பின் உயிருக்குப் பயந்து படகேறி வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். படிப்பு முடிஞ்சதும் நாமெல்லாம் பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு கல்ஃப் கனவு காண்கிறோம். இதே மண்ணில் பிறந்து, இதே படிப்பைப் படிச்ச முகாம் பையனுக்கு இந்திய பாஸ்போர்ட் கிடையாது. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதன் பிறகு என்றால் தாயோ தகப்பனோ இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் விதி இன்னும் இறுகிவிட்டது. 2019 திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2025-ல் தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது, குடியுரிமை கிடைக்கவில்லை.

"எல்லாருக்கும் கொடுத்தா நாடு தாங்குமா?" என்று கேட்கலாம். தமிழ்நாட்டு முகாம்கள் அத்தனையிலும் இருப்பவர்கள் 60 ஆயிரத்துக்கும் குறைவு. ராஜபாளையம் ஊர் ஜனத்தொகையில் பாதிகூட இல்லை!

10 கோடிக்கு 10 வருடம் என்றால், 40 வருட வியர்வைக்கு என்ன விலை? பணத்தோடு வருபவர் நாளை லாபம் குறைந்தால் வேறு நாட்டுக்குப் போய்விடுவார். இவர்கள் எங்கே போவார்கள்?

மால்டா நாட்டின் குடியுரிமை விற்பனை செல்லாது என்று 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியுரிமை என்பது நாட்டுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு, வியாபாரம் அல்ல என்பதே அதன் சாரம். உறவுதான் அளவுகோல் என்றால், நம் பக்கத்து பெஞ்சுக்காரனைவிட நெருங்கிய உறவு யார்?

சிந்திப்போம் நண்பர்களே! நாளை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு கேட்போம், வேலை கேட்போம். கூடவே, ஓட்டே இல்லாத அந்த நண்பனுக்காக ஒரு வார்த்தையும் கேட்போம்.