ரசிகர்கள் வெறும் வாடிக்கையாளர்களா?

2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 6. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உள்ள ஆன்ஃபீல்டு மைதானத்தில் சண்டர்லாந்து அணிக்கு எதிராக லிவர்பூல் 2-0 என முன்னிலையில் இருந்தது. ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் உள்ளூர் ரசிகர்கள் எழுந்து வெளியேறினர். விரிவுபடுத்தப்பட்டுவந்த பார்வையாளர் மாடத்துக்கு அடுத்த சீசனில் 77 பவுண்டு வரை கட்டணம் வசூலிக்கப்படும் என்ற அறிவிப்புக்கு எதிரான கண்டனம் அது. எஞ்சிய நிமிடங்களில் சண்டர்லாந்து இரண்டு கோல்கள் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தது. நான்கு நாள்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டனர். மிக உயர்ந்த கட்டணம் இரண்டு சீசன்களுக்கு 59 பவுண்டுக்கு மேல் போகாது என்றும் அறிவித்தனர்.

அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த எனக்கு அப்போது எழுந்த கேள்வி மிகச் சாதாரணமானது: விலை அதிகம் என்றால் போகாமல் இருந்துவிடலாமே, எதற்காக இந்தப் போராட்டம்? இன்றும் பலர் இதையே கேட்கின்றனர். அந்தக் கேள்வியில் உள்ள பிழை எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. ஒரு கடையில் விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். பாட்டன் காலம் முதல் லிவர்பூலுக்காகக் குரல் கொடுத்துவரும் குடும்பத்தில் பிறந்தவர், சீட்டு மலிவு என்பதற்காக எதிரணியான எவர்ட்டனின் ரசிகராகிவிட முடியாது. ஆகவே, ஒவ்வொரு கழகமும் தன் ரசிகரைப் பொருத்தவரை ஏகபோக வணிகர். அவர் வராவிட்டாலும் அந்த இருக்கை காலியாகக் கிடக்கப்போவதில்லை. வாழ்நாளில் ஒருமுறை ஆன்ஃபீல்டைப் பார்த்துவிட வேண்டும் என்று விமானமேறி வரும் சுற்றுலாப் பயணி, அதைவிடக் கூடுதலாகவே கொடுத்து அமர்ந்துகொள்வார். சந்தையின் வழக்கமான கடிவாளம் இங்கே வேலை செய்வதில்லை.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. 1989-இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தனர். அது குறித்து விசாரித்த நீதிபதி டெய்லர் 1990-இல் அளித்த அறிக்கை, நின்றுகொண்டு பார்க்கும் மாடங்களை அகற்றி அனைவருக்கும் இருக்கை அமைக்கப் பரிந்துரைத்தது. அதைக் காரணம் காட்டிக் கட்டணத்தைத் தாறுமாறாக ஏற்றத் தேவையில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டியிருந்தார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 6 பவுண்டுக்கு இருக்கை கிடைப்பதை உதாரணமாகக் காட்டியிருந்தார். கழகங்கள் இருக்கைகளை அமைத்தன. ஆறு பவுண்டை மறந்தன.

அடுத்த கட்டம் மைதானத்தையே ஆண்டு முழுவதும் இயங்கும் வணிக வளாகமாக்குவது. ஆர்சனல் 2006-இல் சுமார் 38 ஆயிரம் பேர் அமரக்கூடிய ஹைபரியை விட்டு, 60 ஆயிரம் பேர் அமரும் எமிரேட்ஸ் அரங்குக்கு மாறியது. பழைய மைதானம் அடுக்குமாடிக் குடியிருப்பானது. 2019-இல் திறக்கப்பட்ட டாட்டன்ஹாம் அரங்கு இன்னும் ஒருபடி மேலே போனது. அங்கே கால்பந்துக்கான புல்தரை மூன்று துண்டுகளாகப் பிரிந்து தெற்கு மாடத்துக்கு அடியில் நகர்ந்துவிடும். அதன் கீழே அமெரிக்கக் கால்பந்துக்கான செயற்கைத் தரை தயாராக இருக்கும். 2023-இல் பாடகி பியான்சே அங்கே ஐந்து இரவுகள் பாடினார். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட், புதுப்பிக்கப்பட்ட பெர்னபேயு அரங்கின் துணையுடன் 2023-24 சீசனில் ஆட்ட நாள் வருவாயை இரு மடங்காக்கி, 24.8 கோடி யூரோவுக்குக் கொண்டுசென்றது. ஆண்டு வருவாயில் நூறு கோடி யூரோவைக் கடந்த முதல் கால்பந்துக் கழகமும் அதுவே. (அங்கு நடந்த இசை நிகழ்ச்சிகளின் இரைச்சல் பொறுக்காமல் அக்கம்பக்கத்தார் கொடி பிடித்ததால், 2024 செப்டம்பரில் கழகம் அவற்றை நிறுத்திவைக்க நேர்ந்தது தனிக் கதை.)

இப்படிச் சம்பாதிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஓய்வூதியர் ஒருவரின் சட்டைப்பையைவிட பியான்சே ரசிகரின் பணப்பையிலிருந்து கழகம் வாழ்வது நல்லதுதான். புதிய வருவாய் வந்தால் பழைய ரசிகரின் சுமை குறையும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். நடந்தது வேறு. அதே டாட்டன்ஹாம் 2024-இல் சீசன் டிக்கெட் விலையை 6 விழுக்காடு உயர்த்தியதோடு, மூத்த குடிமக்களுக்கான சலுகையைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாகவும் அறிவித்தது.

மான்செஸ்டர் யுனைடெட் அதே ஆண்டு நவம்பரில், சீசனின் நடுவிலேயே, எஞ்சிய உறுப்பினர் சீட்டுகளுக்கு 66 பவுண்டு என்று ஒரே விலை வைத்தது. குழந்தைக்கும் அதே விலை, முதியவருக்கும் அதே விலை. கழகம் நட்டத்தில் இயங்குகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த நட்டம் எங்கிருந்து வந்தது? 2024 ஜூலையில் பயிற்சியாளர் எரிக் டென் ஹாகின் ஒப்பந்தத்தை நீட்டித்த நிர்வாகம், அக்டோபரில் அவரை நீக்கியது. அவரையும் அவருடைய குழுவினரையும் அனுப்பிவைக்க ஆன செலவு ஒரு கோடி பவுண்டுக்கும் மேல். அந்தக் கணக்கைச் சரிசெய்யும் பொறுப்பு, மகனைக் கைப்பிடித்து மைதானத்துக்கு அழைத்துவரும் தந்தையுடையதா?

கழகங்களின் தரப்பிலும் வாதம் உண்டு. 2025-26 சீசன் வரையிலான பிரீமியர் லீக் விதிகளின்படி மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது. வீரர்களின் ஊதியமோ ஏறிக்கொண்டே போகிறது. எனவே ஒவ்வொரு பவுண்டும் முக்கியம் என்கின்றனர். ஆனால், பிரிட்டனுக்குள் ஒளிபரப்பும் உரிமை மட்டுமே 2025-26 முதல் நான்கு சீசன்களுக்கு 670 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டுள்ளது. அதன் முன், உள்ளூர் ரசிகரின் சீட்டில் ஏற்றப்படும் சில பவுண்டுகள் கடலில் கரைத்த பெருங்காயம்.

அந்தத் தொலைக்காட்சிக்கு விற்கப்படுவது என்ன? கரோனா காலத்தில் இதற்கு விடை கிடைத்தது. 2020 ஜூனில் ஆட்டங்கள் ஆளில்லா அரங்குகளில் மீண்டும் தொடங்கியபோது, காணொலி விளையாட்டுக்காகப் பதிவு செய்யப்பட்ட கூட்ட ஒலியை ஒளிபரப்பில் சேர்த்தார்கள். வீரர்கள் அதே வீரர்கள், கோல்களும் குறையவில்லை; எனக்கோ பத்து நிமிடங்களுக்கு மேல் மனம் ஒட்டவில்லை. சந்தா கட்டி நான் வாங்குவதில் பாதி, மாடத்திலிருந்து எழும் அந்தப் பாட்டும் ஓலமும்தான் என்று அன்று தெரிந்தது. கச்சேரியில் பாடுபவருக்குச் சன்மானம் உண்டு. இங்கே பாடுபவர், தாம் பாடுவதற்குத் தாமே கட்டணமும் செலுத்துகிறார். 2024 ஏப்ரலில் கட்டண உயர்வைக் கண்டித்து லிவர்பூல் ரசிகர்கள் கோப் மாடத்தில் கொடிகளைக் கட்டாமல் விட்டனர். மொட்டையாகக் கிடந்த மாடத்தின் முன் லிவர்பூல் அட்டலாண்டாவிடம் 0-3 எனத் தோற்றது. தோல்விக்குக் கொடி காரணமல்ல. ஆனால், அந்த மாடத்தைப் படம்பிடிக்காத ஒளிபரப்பு இல்லை.

ஜெர்மனி வேறு வழியில் போகிறது. அங்கே ‘50+1’ விதிப்படி கழகத்தின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்கு மாடத்தில் இன்றும் ஏறக்குறைய 25 ஆயிரம் பேர் குறைந்த செலவில் நின்றுகொண்டே பார்க்கின்றனர். லீக்கின் ஊடக வருவாயில் வெளி முதலீட்டாளருக்குப் பங்கு தரும் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் ஆடுகளத்தில் டென்னிஸ் பந்துகளை எறிந்தனர்; 2024 பிப்ரவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அங்கும் குறை இல்லாமல் இல்லை. லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. பயர்ன் மியூனிக் தொடர்ந்து 11 முறை பட்டம் வென்றதைப் போட்டி என்று சொல்வதும் கடினம். எனினும், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அங்கே ரசிகர்களும் சேர்ந்தே முடிவு செய்கின்றனர்.

இங்கிலாந்திலும் 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. அதன் வழியே அமையும் ஒழுங்காற்று அமைப்பு, கட்டணம் பற்றி ரசிகர்களுடன் கலந்தாலோசிக்குமாறு கழகங்களைக் கட்டாயப்படுத்தலாம். விலையை நிர்ணயிக்க முடியாது. விலைக்கு வரம்பு வைப்பது இயலாத காரியமும் அல்ல. ஆன்ஃபீல்டு வெளிநடப்புக்கு அடுத்த மாதமே பிரீமியர் லீக்கின் 20 கழகங்களும் கூடி, வெளியூரிலிருந்து வரும் எதிரணி ரசிகரின் சீட்டு 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒப்புக்கொண்டன. அந்த வரம்பு 2016-17 சீசனில் நடைமுறைக்கு வந்து, இன்றுவரை நீடிக்கிறது. அது பொருந்துவது ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் மூவாயிரம் இருக்கைகளுக்கு. அதே அரங்கின் மற்ற மூன்று பக்கங்களிலும் அமர்ந்திருக்கும் உள்ளூர்க்காரருக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை.